சுழியல் நாடும் சுவடிச் செல்வமும்



மல்லாங்கிணறு என்னும் நம் ஊர்ப்பெயரிலேயே கிணறு இருக்கின்றது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தோர் ஊருக்குப் பெயரிடும்போது எதனை நினைந்து பெயரிட்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. கரிசலும் செவலும் விரவிக் கிடக்கும் இந்நிலத்தில் கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் கம்பும் சோளமும் பருத்தியுமே. குண்டாற்றில் நீரைக் காண்பதினும் மணலைக் காண்பதே மிகுதி. இத்தகைய நாட்டில் முன்னர் வாழ்ந்தோர் யாவர், எதனை வணங்கினர், எதனைப் பயின்றனர் என்று அறிய விழைவார்க்கு என்ன வழி உண்டு? பெருநகரங்களைப் போலக் கோட்டை கொத்தளங்கள் இங்கு நின்று பேசவில்லை. நூல்களே நமக்கு வழிகாட்டிகள். பனையோலையில் எழுதியவை சில. கல்லில் வெட்டியவை சில. அச்சில் வந்தவை பல. அவற்றுள் சிலவற்றைக் கையில் ஏந்தி நம் நாட்டை ஒருமுறை சுற்றிவருவதே இவ்வுரையின் கருத்து.

அருப்புக்கோட்டை வழியாகச் சென்றால் அணுகக்கூடிய திருச்சுழியல், பாண்டி நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்று. திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் எழுந்தருளிய திருப்பதி. ஏழாந் திருமுறையில் 82-ஆம் திருப்பதிகம் இத்தலத்துக்கு உரியது. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாள் நாயனாருடன் பாண்டி நாட்டில் தலயாத்திரை செய்தபோது இதனைப் பாடினார். அவர்கள் மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருக்குற்றாலம், திருநெல்வேலி, இராமேச்சுரம் முதலிய தலங்களை வழிபட்டுத் திருச்சுழியலை அடைந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் கழறிற்றறிவார் புராணத்தில் விரித்துரைக்கின்றார்.

அங்கு நிகழ்ந்த ஒன்றை நாம் சற்று நின்று எண்ணவேண்டும். இரவில் துயில்கொண்ட சுந்தரருக்குக் கனவில் இறைவன் காளைப் பருவத்து வடிவினனாய், கையிலே செண்டு ஏந்தியவனாய்த் தோன்றித் தான் இருக்கும் இடம் கானப்பேர் என உணர்த்தி மறைந்தருளினான். மறுநாளே சுந்தரர் கானப்பேருக்கு, அதாவது இன்றைய காளையார்கோயிலுக்கு, விரைந்தார். திருச்சுழியலில் இருந்துகொண்டே வேறோர் ஊரில் இருப்பதாக இறைவன் சொன்னது ஏன் என்று இளைஞர் சிலர் நம்மை வினவியதுண்டு. நம் ஊர்ப் பெருமான் தன் அடியாரை அடுத்த ஊருக்கு வழிவிட்டு அனுப்பினான் என்றுதான் நாம் கொள்கின்றோம். இவ்வறண்ட நாட்டு மக்களுக்கும் வழிப்போக்கரை அடுத்த ஊர் எல்லை வரை கொண்டுவிட்டு வரும் வழக்கம் இருந்ததன்றோ!

தலபுராணம் வேறொரு செய்தி சொல்லும். பெருவெள்ளம் ஒன்று உலகை மூட வந்தபோது இறைவன் அதனைச் சுழித்து நிலத்துக்குள் புகச்செய்தமையால் சுழியல் எனப் பெயர் வந்தது என்பது அதன் கூற்று. மழைக்கு ஏங்கும் நாட்டில் வெள்ளத்தைப் பற்றிய புராணம் வழங்குவது வியப்பே. குண்டாறு என்றோ ஒருநாள் பெருகிவந்து முன்னோரை அச்சுறுத்தியிருக்கக்கூடும் என்று கருதுவதில் பிழையில்லை. ஆயினும் இது நம் ஊகமேயன்றிப் புராணத்தின் கூற்றன்று.

இனிக் கல்லேட்டைக் காண்போம். திருச்சுழிக்கு அண்மையில் பள்ளிமடம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள காளநாத சுவாமி கோயிலின் கற்களில் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல்வெட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையினர் படியெடுத்து, 1962-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் 14-ஆம் தொகுதியாகிய பாண்டியர் தொகுதியில் அச்சிட்டனர். பள்ளிமடத்துக் கோயில் அக்காலத்தில் சுந்தரபாண்டிய ஈச்சுரம் எனப் பெயர் பெற்ற பள்ளிப்படை என்பது அதனால் விளங்கிற்று. பள்ளிப்படையாவது மறைந்த அரசர் பெயரால் எழுப்பும் சிவாலயம். சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் என்னும் பட்டத்தோடு அங்கே பேசப்படும் மன்னன், பின்னர் ஆதித்த கரிகாலனால் வீழ்த்தப்பட்டவன். சோழ நாட்டுச் செப்பேடுகளில் பகைவனாக நாம் அறிந்த ஒருவன், நம் நாட்டுக் கல்லில் விளக்கெரிய வைக்கும் வேந்தனாகக் காட்சி தருகின்றான். ஒரு நூலை மட்டும் படித்து ஒருவரை எடைபோடுதல் ஆகாது என்பதற்கு இதனினும் அண்மையான சான்று நமக்கு வேண்டுமோ?

அக்கல்வெட்டுகளில் இந்நிலப் பகுதிக்குப் பருத்திக்குடி நாடு என்று பெயர். அன்பர்களே, இப்பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சம் சற்றே நிமிர்கின்றது. அருப்புக்கோட்டைத் தறிகளும் விருதுநகர்ப் பஞ்சுப் பேட்டையும் நேற்றுத் தோன்றியவை என்று எண்ணியிருந்தோம். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு நாட்டின் பெயரில் பருத்தி ஏறி அமர்ந்திருக்கின்றது. தேவாரமும் புராணமும் சொல்லாத இதனைக் கல் சொல்கின்றது. கல் சொல்லாத கனவைப் புராணம் சொல்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பார்க்கே நாடு முழுமையாகப் புலப்படும்.

சமணரும் இந்நாட்டில் பள்ளி வைத்து வாழ்ந்தனர். காரியாபட்டிப் பக்கத்துக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்றொரு பெரும்பள்ளி இருந்தது. அப்பள்ளியைச் சார்ந்த மாணாக்கர் மதுரைச் சமணமலையில் செதுக்குவித்த திருமேனிகளின் கீழே தம் ஊர்ப்பெயரைப் பொறித்துச் சென்றுள்ளனர். சைவராகிய நாம் இதனை மறைக்க வேண்டுவதில்லை. கல்வி எவரிடம் இருந்தாலும் அது இம்மண்ணின் கல்வியே.

அக்காலத்துப் பாண்டியர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடுகளை வழங்கும் செய்தி மிகுதி. அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு எப்படிச் சாவாமலும் மூவாமலும் இருக்கும்? அதனைப் பெற்றுக்கொண்ட இடையர், கிழடானவற்றையும் இறந்தவற்றையும் நீக்கிக் குட்டிகளால் ஈடுசெய்து எண்ணிக்கை குறையாமல் காத்துவருவர். நாள்தோறும் கோயிலுக்கு நெய் அளப்பர். தனித்தனி ஆடு சாகும்; மந்தை சாகாது. ஓலைச்சுவடியும் இத்தகையதே என்று நாம் பலகால் எண்ணியிருக்கின்றோம். ஓலை சில நூற்றாண்டே நிற்கும், பூச்சி அரிக்கும், முனை முறியும். தலைமுறைதோறும் ஒருவர் அமர்ந்து புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால் நூல் நிற்கும். ஒரு தலைமுறை அயர்ந்தால் விளக்கு அணையும்.

அணைந்த விளக்குகள் எத்தனை! தில்லையில் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்ததையும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை எடுத்ததையும் திருமுறைகண்ட புராணம் கூறும். அன்று ஏட்டில் கிடைக்காத ஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், 1917-இல் கல்வெட்டிலிருந்து நமக்கு மீண்டது. கல்லாவது ஒன்றைத் திருப்பித் தந்தது. நெருப்புத் தருமோ? டாக்டர் உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் காலந்தொட்டு இருந்த ஏடுகளைத் தேடிச் சென்றபோது கேட்ட மறுமொழியைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகச் சொல்லி, அவ்வாறே செய்துவிட்டனராம். கோயிலை நேசிக்கும் நாம் இதனைப் படிக்கும்போது தலை குனிகின்றோம். பகைவர் எரித்ததன்று இது, பத்தியோடு எரித்தது. விளக்கிலிட வேண்டிய நெய் ஏட்டை எரிக்கப் போயிற்று.

இந்த இழப்பை உணர்ந்து எழுந்தவர்களுள் ஒருவர் நமக்கு மிக அண்மையில் உள்ள பாலவநத்தத்தின் பெயரைத் தாங்கியவர். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே சாலையோரத்தில் அவ்வூரை நாம் நாள்தோறும் கடக்கின்றோம்; அதன் பெருமையை நினைந்து கடப்பவர் சிலரே. பாலவநத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1867-இல் பிறந்தவர். தந்தையார் பொன்னுசாமித் தேவர் இராமநாதபுரம் சமஸ்தானத்தில் செல்வாக்குடன் விளங்கியவர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர். பரிமேலழகர் உரையுடன் நாவலர் அச்சிட்ட திருக்குறளின் பின்னே அவருடைய ஆதரவு இருந்தது. ஆகவே அச்சுநூலின் அருமை அம்மகனுக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது எனலாம்.

1901-ஆம் ஆண்டு அவர் மதுரைக்கு வந்திருந்தார். சொற்பொழிவு ஒன்றுக்குக் குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டியிருந்தன. ஊரெல்லாம் தேடியும் உரிய காலத்தில் ஒரு படிகூடக் கிடைக்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எந்த ஊரில்? சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில். இறையனார் தாமே புலவராய் அமர்ந்த ஊரில். தருமிக்குப் பொற்கிழி அளித்த பெருமானின் திருவாலவாயில்! செல்வர் ஒருவர் கேட்டும் கிடைக்காத நூல், ஏழை மாணாக்கன் ஒருவனுக்கு எங்ஙனம் கிடைத்திருக்கும்? அத்துயரம் அவரை வாளா இருக்கவிடவில்லை. அவ்வாண்டு மே மாதம் மதுரையில் கூடிய மாநாட்டில் தம் எண்ணத்தை வெளியிட்டார். செப்டம்பர் 14-ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. நான்காம் தமிழ்ச் சங்கம் என்று உலகம் அதனைப் போற்றியது. அவர் உறவினரும் சேதுபதி மன்னருமாகிய பாஸ்கர சேதுபதியின் ஆதரவும் அதற்கு வாய்த்தது. சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சிடுதற்கு முத்திராசாலை ஆகிய மூன்றும் அதன் உறுப்புகளாயின. 1902-இல் செந்தமிழ் என்னும் திங்களிதழ் தொடங்கியது. இரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். அவ்விதழின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர், அதுவரை ஓலையில் உறங்கிய சிறுநூல்கள் பல அதன் பக்கங்களில் விழித்தெழுந்ததைக் காண்பர்.

ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி, அச்சிடுவார் இன்றிக் கிடந்தபோது அதனை ஏற்று 1910-இல் வெளிவரச் செய்ததும் அச்சங்கமே. நாயன்மார் வரலாறோ தலத்தின் செய்தியோ வேண்டுமெனில் இன்றும் நாம் முதலிற் கைவைக்கும் நூல்களுள் அது ஒன்று. சோதிடம், மருத்துவம், புராணம், மரபு என எல்லாம் அதனுள் உண்டு. ஒரு சொல்லைத் தேடிப்போய் ஒரு நாழிகை வேறெங்கோ உலாவி மீள்வது அதனைத் தொட்டவர் எல்லாரும் கண்ட அனுபவம்.

தேவரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் செய்தி ஒன்றும் உண்டு. ஸ்காட் என்னும் ஐரோப்பியர் ஒருவர் திருக்குறளில் எதுகை பிழைத்திருப்பதாக எண்ணித் தாமே திருத்தி அச்சிட்டாராம். தேவர் அப்பிரதிகள் அனைத்தையும் விலைகொடுத்து வாங்கித் தீயிலிட்டாராம். அவருடைய தமிழன்பை நாம் வணங்குகின்றோம். ஆனால் ஒரு படியையேனும் புத்தகசாலையின் அலமாரியில் வைத்திருக்கலாம் என்பது நம் கருத்து. பிழைபட்ட நூலும் ஒரு காலத்தின் சான்று. குறளைத் திருத்தத் துணிந்த அவ்வறியாமை எத்தகையது என்று பிற்காலத்தார் கண்ணாற் கண்டிருப்பர். கரிவலம்வந்தநல்லூர்த் தீயை நினைக்குந்தோறும் எத்தீயையும் புகழ நமக்கு நா எழுவதில்லை.

பாண்டித்துரைத் தேவர் 1911-இல் மறைந்தார். ஆண்டு நாற்பத்து நான்கே. வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்கும் தலைவராக இருந்து பொருளை வாரி வழங்கியவர். கப்பல் போயிற்று, சங்கம் நின்றது.

இனி, இரவல் வாங்கிய ஒரு நூலின் கதை. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பின்னிரவில், திருச்சுழியில் ஆருத்திரா தரிசனத் திருவிழாவில் உலா வந்த பெருமான் கோயிலுக்கு மீளும் வேளையில், கோயிலுக்கு அண்மையில் இருந்த சுந்தரமையர் இல்லத்தில் வேங்கடராமன் என்னும் குழந்தை பிறந்தது. தந்தையார் ஊரில் வழக்குரைத்து வாழ்ந்தவர். அவர் 1892-இல் மறையவே, சிறுவர் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பாடத்தில் பெரிய நாட்டம் இல்லை. மற்போரிலும் பந்தாட்டத்திலும் விருப்பம்.

அவ்வில்லத்துக்குச் சிற்றப்பா பெரியபுராணம் ஒன்றை இரவலாக வாங்கிவந்திருந்தார். பள்ளியில் படித்த விவிலியப் பாடம் நீங்கலாக, அச்சிறுவர் படித்த முதற் சமயநூல் அதுவே. கண்ணப்பரும் கண்ணீரும், அப்பரும் உழவாரமும், சுந்தரரும் தோழமையும் அவருள்ளே புகுந்தன. இப்படியும் மனிதர் இருந்தனரா என்று வியந்தார் என அவர் வரலாறு கூறுகின்றது. 1896-ஆம் ஆண்டு இடைப்பகுதியில் அவருக்கு மரண அனுபவம் வாய்த்தது. அதன்பின் நாள்தோறும் மீனாட்சியம்மை கோயிலுக்குச் சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் நின்று, அவர்களுடைய அன்பு தமக்கும் வேண்டுமெனக் கண்ணீர் மல்குவார். நூலில் கண்டோரைக் கல்லில் கண்டு நின்ற நிலை அது.

அவ்வாண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஆங்கில இலக்கணத்துப் பாடம் ஒன்றை மும்முறை எழுதிவர ஆசிரியர் விதித்த தண்டனையை அவர் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். இருமுறை எழுதினார்; மூன்றாம்முறை எழுதவில்லை. நூலைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துகொண்டார். சிறுவர் எழுந்தார், கல்விக் கட்டணத்துக்காகத் தந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர் முதல் நாள் அருணாசலத்தை அடைந்தார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறியும். ஒரே வீட்டில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்றை அவர் கீழே வைத்தார். மற்றொன்று அவரை மேலே எடுத்தது.

இதில் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. திருத்தொண்டத் தொகையைப் பாடியவர் சுந்தரர். அதன் வழியே நம்பியாண்டார் நம்பி அந்தாதி செய்தார். அவ்விரண்டின் வழியே சேக்கிழார் பெரியபுராணம் செய்தார். பாட்டின் நடை அறியாதாரும் படிக்குமாறு ஆறுமுக நாவலர் அதனை வசனமாக 1852-இல் அச்சேற்றினார். அந்தச் சுந்தரர் துயின்று கனாக்கண்ட ஊரிலே பிறந்த பிள்ளையின் கையில், ஆயிரம் ஆண்டு கடந்து, யாரோ ஒருவர் இரவல் கொடுத்த படி வந்து சேர்ந்தது. கொடுத்தவர் பெயர் வரலாற்றில் இல்லை. ‘இது என் நூல், தரமாட்டேன்’ என்று அவர் சொல்லியிருந்தால்?

பின்னாளில் வந்த நூல்களையும் நாம் புறக்கணிக்க வேண்டுவதில்லை. புதுவைப் பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீடாக 1984 முதல் வெளிவந்த தி. வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பு, பாடல்களைப் பண்முறையிலும் தலமுறையிலும் ஆராய விழைவார்க்குப் பெருந்துணை. அந்நகரில் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றன. ஓமத்தீக்குப் போகாமல் தப்பியவை உலகத்தார் கண்முன் வந்துள்ளன என்பதில் நமக்கு ஆறுதல். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்தெழுதும் வேலையை இன்று ஒளிப்படக் கருவி செய்கின்றது.

மல்லாங்கிணறு என்னும் பெயரைத் தேவாரத்தில் தேடினால் கிட்டாது. ஆனால் இவ்வூரிற் பிறந்த கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் தம் கவிதைகளில் இவ்வூரை எழுதியுள்ளார். வனப்பேச்சி என்னும் தொகுதி 2007-இல் வந்தது. அது தோத்திர நூல் அன்று. எனினும் காட்டில் நிற்கும் பேச்சியின் பெயரை நூலின் முகப்பிலேயே ஏற்றிய பெண் குரல் ஒன்று அச்சில் நின்றுவிட்டது. நூறாண்டு கழித்து நம் ஊரைத் தேடுவோர் கல்லில் தேடவேண்டியதில்லை.

முடிக்குமுன் ஒன்று சொல்லவேண்டும். நம் ஊருக்கு அடுத்ததொரு சிற்றூரில், பழைய வீடொன்றைப் பிரித்துக் கட்டும்போது பரண்மேல் ஓலைக்கட்டு ஒன்று இருந்ததாக அறிந்து சென்றோம். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடலாம் என்று வீட்டார் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தனர். குண்டாற்றில் நீர் வரவில்லை. அதனால் கட்டும் போகவில்லை. அவிழ்த்துப் பார்த்தோம். முதலும் இறுதியும் இல்லை. இடையிலே பாரதத்தின் விராட பருவம் இருந்தது. மழை பொய்த்தால் கோயிலில் விராட பருவம் படிக்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டன்றோ? அவ்வீட்டு மூதாட்டியார் அருகில் வந்து அமர்ந்தார். தம் மாமனார் அதனைப் படித்தபோது ஊரே கூடியிருந்ததாகவும், நிரை மீட்கும் பகுதி வருமுன் தூறல் விழுந்ததாகவும் சொன்னார். பிறகு, எழுத்தறியாத அவர், அடுத்து என்ன வரும் என்பதை நாம் ஏட்டில் தடுமாறி எழுத்துக் கூட்டுமுன்னரே தாமாகச் சொல்லத் தொடங்கினார். நாம் ஏட்டை மூடிவிட்டு, அவர் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டோம்.